லைவில் வந்த கெங்கம்மாள் சாம்பார்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் நந்தினி மாடிப்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது விட்டோம். ஏன் அழுதாள் என்பது மறந்துபோனவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அவள் வேலை பார்க்கும் சென்னை கம்பெனி, வீட்டிலிருந்து வேலை பார்த்தது போதும், அடுத்த மாதம் முதல் எல்லோரும் ஆபீசுக்கு வந்து சேருங்கள் என்று சொல்லிவிட்டது. டீம் லீடர் சந்திரகலாதான் நந்தினிக்காக மேலிடத்தில் மல்லுக்கு நின்றாள். "செவ்வாய்க்கிழமை ரிலீஸை உங்க ஊர்ல இருந்தே பிரச்சினை இல்லாம முடிச்சுக் காட்டு. உனக்கு மட்டும் பர்மிஷன் வாங்கித் தரேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

முடிக்காவிட்டால் சென்னையில் லேடீஸ் ஹாஸ்டல்; ஆபீஸ் நகரத்தின் அந்தக் கோடியில் இருந்ததால் தினமும் ரயிலில் போய்வர முடியாது. கணவன் பார்த்திபனுக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. அதை உதறிவிட்டு அவள் பின்னால் வர முடியாது. கல்யாணமாகி எட்டே மாதத்தில் அவன் ஞாயிற்றுக்கிழமைப் புருஷன் ஆகிவிடுவான். அதை நினைத்துத்தான் மாடிப்படியில் அந்த அழுகை.

இந்த விஷயம் எதையும் மாமியார் கெங்கம்மாளிடம் நந்தினி மூச்சுவிடவில்லை. 'போனால் போகட்டும்' என்று மாமியார் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடிந்துவிட்டது.

கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே போகும் சாலையில் இருக்கிறது வீடு. அதன் பின்னறைதான் நந்தினியின் ஆபீஸ். ஒரு பக்கம் விதைநெல் மூட்டைகள், மறுபக்கம் மேசை. மேசைமேல் லேப்டாப், இன்னொரு பெரிய திரை, ஸ்பீக்கர், இன்வெர்ட்டர். நெல் தூசி கீபோர்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வதால் தினமும் காலையில் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் அதைக் கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பாள்.

அவள் எழுதிக்கொண்டிருந்தது ஒரு கேன்டீன் ஆப். தொழிலாளிகள் இன்றைக்கு என்ன சாப்பாடு என்று போனில் பார்த்து டோக்கன் போட்டுக்கொள்ளலாம். அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, அதை வாங்கியிருந்தது பார்த்திபன் வேலை செய்யும் அதே தொழிற்சாலை.

இந்த வேலையில் ஒரு முறை இருக்கிறது. டெவலப்பர் முதலில் தனக்கென்று ஒரு தனிப் பிரதியில் எழுதுவார். அதற்குப் பிராஞ்ச் என்று பெயர். அதில் எதை எழுதி எப்படிச் சொதப்பினாலும் வெளியில் யாருக்கும் தெரியாது. எல்லாம் சரியானபிறகு அதை மூலப் பிரதியோடு சேர்த்து, ஜனங்களின் போனுக்கு அனுப்புவார்கள். அப்படி அனுப்புவதுதான் ரிலீஸ், போய்ச் சேர்ந்தது லைவ். லைவில் போனது ஊருக்கே போனது.

ஆப் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமானால் சாப்பாட்டுப் பக்கத்தில் ஏதாவது ஒரு ஐட்டம் இருக்க வேண்டுமில்லையா? சும்மா ஒன்றை எழுதி வைப்பார்கள். அதை டெஸ்ட் டேட்டா என்பார்கள். நந்தினியும் ஒன்று எழுதி வைத்திருந்தாள், ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக் கடுப்பில். என்ன எழுதினாள் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். ரிலீஸுக்கு முன்னால் அதை அழிப்பது ஒன்றுதான் பாக்கி. அழித்துவிட்டு "ரெடி" என்று சொன்னால், சென்னையில் இருக்கும் ராபின் பட்டனை அழுத்திவிடுவான்.

பத்து மணிக்கு ஸ்டாண்ட்-அப் என்கிற ஆன்லைன் கூட்டம். டீமில் இருக்கிற ஒவ்வொருவரும் நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், 'பிளாக்கர்' என்கிற தடங்கல் என்ன என்று மூன்றே விஷயம் சொல்ல வேண்டும். எட்டு மாதமாக அடுப்படியிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டுக் கெங்கம்மாளுக்கு அந்த டீமே அத்துப்படி. யாருக்குச் சளி, யாருக்கு லீவு, ராபின் வேலையை 'கிட்டத்தட்ட முடித்துவிட்டேன்' என்று எத்தனை நாளாகச் சொல்கிறான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"அந்த ராபின் பையன் இன்னிக்காவது முடிச்சானா?" என்று சாப்பாடு போடும்போது விசாரிப்பாள்.

இந்தக் காலையில்தான் நெல் அறுக்கும் மெஷின் வந்தது.

வியாழக்கிழமை வரவேண்டிய மெஷின். பக்கத்து நிலம் ஈரம் காயவில்லை என்று முறை மாறி, மாமனார் தணிகாசலத்தின் நிலத்துக்கு இன்றே வந்துவிட்டது. லாரிமேல் மெஷினை ஏற்றிக்கொண்டு வந்தவன் தெருவில் குறுக்கே தொங்கிய இன்டர்நெட் கேபிளைப் பார்க்கவில்லை. மெஷினின் நெற்றியில் மாட்டிய கேபிள் கொஞ்ச தூரம் கூடவே போய், பிறகு அறுந்து விழுந்தது.

உள்ளே நந்தினியின் லேப்டாப்பில் வைஃபை போய்விட்டது.

"ஐயோ!" என்று அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

மெஷின் டிரைவர் ஒன்றும் அறியாதவனாக வாசலில் கைகழுவிக்கொண்டு நின்றான். "நாஷ்டா ரெடியாம்மா?"

"ரெடி, ரெடி. உக்காருப்பா" என்றாள் கெங்கம்மாள். இட்லிப் பானை அப்போதுதான் அடுப்பில் ஏறியிருந்தது. சாம்பார் கொதி வரவில்லை.

கெங்கம்மாளின் வழக்கம் அது. வீட்டுக்கு வந்தவர் பசியோடு ரெடியா என்று கேட்டால் ரெடி என்றுதான் சொல்ல வேண்டும். உலையில் அரிசியே போடாவிட்டாலும் அதுதான் பதில். இல்லை என்றோ இன்னும் ஆகவில்லை என்றோ சொல்வது வந்தவரை அவமதிப்பது. சொல்லிவிட்டு உள்ளே போய் அவசர அவசரமாக ரெடி பண்ணுவாள். முப்பது வருஷமாக ஒரு பந்தியிலும் அவள் மாட்டிக்கொண்டதில்லை.

மணி பத்தாகிவிட்டது. நந்தினி போனிலேயே ஸ்டாண்ட்-அப்பில் சேர்ந்தாள். பேச்சு கேட்கும் அளவுக்கு சிக்னல் இருந்தது. ரிலீஸ் வேலைக்கு அது போதாது. அப்போதுதான் தெருக்கோடியில் கேபிள்காரர் லோகு பைக்கில் போவது கண்ணில் பட்டது. லோகுவை விட்டால் அப்புறம் சாயங்காலம்தான் பிடிக்க முடியும். போன் அடித்தால் எடுக்கிற ஆளும் இல்லை.

"அத்த, இத்த புடிங்க. யாருனா என் பேரச் சொல்லிக் கூப்ட்டா, ரெண்டு நிமிசத்துல வந்துருவான்னு சொல்லுங்க!"

போனை மாமியார் கையில் திணித்துவிட்டு, "லோகு அண்ணா! லோகு அண்ணா!" என்று செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

கெங்கம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனைப் பிடித்தாள்.

"நந்தினி? நந்தினி, லைன்ல இருக்கியா?" என்றது சந்திரகலாவின் குரல்.

பேர் சொல்லிக் கூப்பிடும் மனுஷிக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? 'நீங்க மியூட்ல இருக்கீங்க' என்பதை ஆயிரம் தடவை கேட்டு, நந்தினி அழுத்துவதையும் பார்த்திருந்ததால், எந்தப் பொம்மையை அழுத்த வேண்டும் என்பது கெங்கம்மாளுக்குத் தெரிந்திருந்தது. அழுத்தினாள்.

"இருக்கேன்."

"என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு? தொண்டை கட்டியிருக்கா?"

"பனி" என்றாள் கெங்கம்மாள்.

"உடம்பைப் பாத்துக்கோ. சரி, அப்டேட் சொல்லு."

நந்தினி சொல்லச் சொன்னது வேறு. ஆனால் கெங்கம்மாளுக்குப் பதில் முழுசாகத் தெரியுமே! தெரிந்த பதிலைச் சொல்லாமல் ரெண்டு நிமிடம் பொறு என்றால் மருமகளுக்கு வேலை தெரியவில்லை என்றுதானே நினைப்பார்கள்?

"நேத்து டோக்கன் பக்கத்த முடிச்சிட்டேன். இன்னிக்கி டெஸ்டிங். பிளாக்கர் ஒண்ணியும் இல்ல" என்று ஒப்பித்தாள்.

"சூப்பர். சுருக்கமா சொன்ன" என்றாள் சந்திரகலா.

கெங்கம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்து ராபின் கேட்டான். "அக்கா, அப்போ ரிலீஸ் போட்றலாமா? எல்லாம் ரெடியா?"

பசியோடு கேட்கிற பிள்ளை மாதிரித்தான் அவளுக்குக் கேட்டது. நாக்கில் ஊறிப்போன பதில் தானாக வந்தது.

"ரெடி, ரெடி. போடுப்பா."

லோகுவைக் கையோடு இழுத்துக்கொண்டு நந்தினி திரும்பி வந்தபோது கெங்கம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"யாருனா கூப்ட்டாங்களா அத்த?"

"கூப்ட்டாங்க. நீ ஒண்ணியும் கவலப்படாத, நானே எல்லாத்தயும் சொல்லிட்டேன்."

"இன்னான்னு?"

"ரெடின்னு."

நந்தினி வெடுக்கென்று போனை வாங்கிப் பார்த்தாள். 'ரிலீஸ் முடிந்தது' என்று ராபின் கட்டைவிரலை உயர்த்தி மெசேஜ் போட்டிருந்தான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவன் ஒரு வேலையைச் சொன்ன நேரத்தில் முடித்திருந்தான்.

உடனே பார்த்திபனின் போன் வந்தது. பதற்றத்தில் ஸ்பீக்கரில் விரல் பட்டுவிட்டது.

"நந்து! இன்னாடி பண்ணி வெச்சிருக்க? கேன்டீன் ஆப்புல எங்கம்மா பேரு வருது!" பின்னால் பத்து இருபது பேர் சிரிக்கும் சத்தம். "படிக்கிறேன் கேளு. 'கெங்கம்மாள் சாம்பார். உப்பு தாராளம். ஒரு சொம்புத் தண்ணீர் இலவசம்.' இன்னாடி இது? எல்லாரும் ஜாலிக்கு டோக்கன் போட்டுட்டானுங்க! எங்க சூப்பர்வைசர் என்னாண்ட வந்து, உப்பு வேணாம்னா எந்த பட்டன அமுக்கணும்னு கேக்குறாரு!"

நந்தினி ஸ்பீக்கரை அணைத்தாள். அணைத்து என்ன பயன்? கெங்கம்மாள் ஒரு எழுத்து விடாமல் கேட்டுவிட்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மெஷின் டிரைவர் வாயில் இட்லியோடு எட்டிப் பார்த்தான். "அம்மா, இன்னொரு சொம்பு தண்ணி குடுங்க."

கெங்கம்மாள் அவனை முறைத்த முறைப்பில் அவன் தாகம் அடங்கிவிட்டது.

நந்தினிக்கு இப்போது அழக்கூட நேரமில்லை. இந்த மாதிரி விபத்துக்கு ஒரே மருந்து ரோல்பேக். புதிதாகப் போனதைத் திரும்ப எடுத்துவிட்டு, நேற்றைய பழைய ஆப்பையே மறுபடி ஜனங்களின் போனில் கொண்டுவருவது. லோகு கம்பத்தில் ஏறி முடிச்சுப் போடும்வரை காத்திருக்க முடியாது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். லேப்டாப்புக்கு இப்போது போன் வழியாகத்தான் இன்டர்நெட்; அங்கே தண்ணீர் டேங்குக்கு மேலே பிடித்தால்தான் போனில் சிக்னல் நிற்கும். ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் எப்படி டைப் அடிப்பது?

பின்னாலேயே வந்த கெங்கம்மாள் போனைப் பிடுங்கி, டேங்கின்மேல் உயர்த்திப் பிடித்தாள். முகத்தை மட்டும் வயல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நந்தினி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள்.

"உப்பு ஜாஸ்தின்னா வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?" என்றாள் கெங்கம்மாள் வயலைப் பார்த்தபடி.

"அத்த, கைய ஆட்டாதீங்க."

"ஆட்டல. சொல்லு."

"வந்த அன்னிக்கி சாம்பார் சூப்பரா இருக்குதுன்னு சொல்லிட்டேன். அப்பறம் எப்பிடி மாத்திச் சொல்றது?"

"தெனம் ரெண்டாவது தபா ஊத்திக்கினியே?"

"நான் எங்க ஊத்திக்கினேன்? நீங்க ஊத்துனீங்க!"

கெங்கம்மாள் போனை மறு கைக்கு மாற்றினாள். "அது நெஜம்தான்" என்றாள். "அதுக்குன்னு கம்பெனிக்கே தண்டோரா போடுவியா? எம் புள்ள அங்க தல நிமுந்து நடக்க வேணாமா?"

"அழிச்சிட்டு அனுப்பறதாத்தான் இருந்தேன் அத்த. அதுக்குள்ள நீங்க..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். எழுதியது தன் கைதான். போனைக் கொடுத்துவிட்டு ஓடியதும் தான்தான். மாமியாரை மட்டும் குற்றம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. "மன்னிச்சிடுங்க அத்த. தப்புதான்."

திரையில் பச்சை வந்தது. பழைய ஆப் திரும்பிவிட்டது. அப்பாடா என்று நந்தினி மூச்சுவிட்டாள்.

மூச்சை முழுசாக விடுவதற்குள் மாமியார் கையிலிருந்த போன் அடித்தது. சந்திரகலா. கெங்கம்மாள் கையை இறக்கிப் பச்சையை அழுத்தி, ஸ்பீக்கரையும் போட்டு நீட்டினாள்.

"ரோல்பேக் பாத்தேன் நந்தினி. சீக்கிரமாத்தான் பண்ணியிருக்க" என்றாள் சந்திரகலா. குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "ஆனா பிரயோஜனம் இல்லை. சாம்பார் எங்கடான்னு ஆளுங்க எல்லாம் கேன்டீன் மேனேஜரைக் கலாய்க்கிறாங்களாம். அவர் நேரா எங்க எம்.டி.க்கே போன் பண்ணிட்டார். இனிமே உனக்காக நான் எந்த முகத்தோட பேசறது, சொல்லு? ஒண்ணாம் தேதி ஆபீஸ் வந்துடு. இப்பவே ஹாஸ்டல் பாத்து வெச்சுக்கோ."

நந்தினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னா ஹாஸ்டல்?" என்றாள் கெங்கம்மாள்.

"யாரது?" என்றாள் சந்திரகலா. "ஒரு நிமிஷம். காலையில ஸ்டாண்ட்-அப்ல பேசினது இந்தக் குரல்தானே?"

"நான்தாம்மா பேசுனேன். கெங்கம்மாள். நந்தினியோட மாமியாரு. பனின்னு சொன்னது மட்டும் நெஜம். ரெடின்னு சொன்னது பொய்யி." கெங்கம்மாள் போனை வாயருகே கொண்டுபோனாள். "தப்பு என்னுது. அவள எங்க அனுப்பச் சொல்றீங்க?"

சந்திரகலா நிதானமாகச் சொன்னாள். ஆபீசின் உத்தரவு, இன்றைய ரிலீஸை நம்பி அவள் வாங்கித் தருவதாக இருந்த அனுமதி, இனி அது கிடைக்காது என்பது, எல்லாம். "உங்க மேல எனக்குக் கோபம் இல்லைம்மா. ஆனா அந்த மேனேஜர் சமாதானம் ஆனாத்தான் நான் மேல பேச முடியும். அவரோ யார் போனையும் எடுக்க மாட்டேங்கறார்."

போன் அணைந்தது. கீழே லோகு கம்பத்திலிருந்து இறங்கி, "லைன் வந்துருச்சு பாருங்க!" என்று குரல் கொடுத்தார்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றாள் கெங்கம்மாள்.

"சொன்னா நீங்க சந்தோசப்படுவீங்கன்னு நெனச்சேன்."

கெங்கம்மாளுக்கு அது சுருக்கென்று தைத்தது. உப்பு விஷயத்தைவிட இது பெரிதாக வலித்தது.

"சந்தோசமா? உங்க மாமா கழனிக்குப் போயிட்டா பகல்ல இந்த ஊட்ல எனக்கு யாருடி இருக்காங்க? அந்த ரூமுல நீ சளசளன்னு பேசிக்கினு இருந்தாத்தான் எனக்கு அடுப்படில வேலயே ஓடுது. பேஜாரு புடிச்ச பொட்டின்னு நான் திட்டறது வாய்ச்சொல்லு. நீ போயிட்டா அந்த ராபின் முடிச்சானா இல்லியான்னு எனக்கு யாரு வந்து சொல்லுவா?"

நந்தினி லேப்டாப்பை மூடிவிட்டு அழுதாள். கெங்கம்மாளுக்கும் கண் கலங்கியது. ஆனால் அவள் உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை.

பந்தியில் குறை வந்துவிட்டால் கெங்கம்மாளின் பிறந்த வீட்டில் ஆள் விட்டுச் சமாதானம் சொல்ல மாட்டார்கள். சமைத்தவளே விருந்தாளியின் வீட்டுக்கு நேரில் போக வேண்டும், வெறுங்கையோடு போகவும் கூடாது. மெஷின்காரர்களுக்காக வைத்த சாம்பார் அடுப்பில் அண்டா நிறைய இருந்தது. அதிலிருந்து பெரிய தூக்கில் ஊற்றி மூடியை அழுத்தினாள்.

"வண்டிய எடு."

"எங்க அத்த?"

"கும்மிடிப்பூண்டிக்கு. போன எடுக்க மாட்டானாம். ஆளு நேர்ல போய் நின்னா இன்னா பண்ணுவான்?"

"அத்த, அது கம்பெனி. நம்ம இஷ்டத்துக்கு உள்ள போக முடியாது. பாஸு வேணும்."

"உன் புருசன் அங்கதானே கீறான்? எடு வண்டிய."

நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நந்தினி ஸ்கூட்டியை ஓட்டினாள். பின்னால் கெங்கம்மாள் ஒரு கையால் தூக்கையும் மறு கையால் மருமகளின் இடுப்பையும் பிடித்துக்கொண்டிருந்தாள். சிப்காட் திருப்பத்தில் ஒரு மேட்டில் வண்டி தூக்கிப் போட, சாம்பார் தளும்பி நந்தினியின் சுடிதாரில் வழிந்தது.

தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டி கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரப் பாக்கணும்மா?"

"கேன்டீன் மேனேஜர" என்றாள் கெங்கம்மாள், வண்டியிலிருந்து இறங்கியபடி.

"அப்பாயின்ட்மென்ட் இருக்கா?"

"இல்ல."

"அப்போ உள்ள வுட முடியாது. பேரு இன்னா?"

"கெங்கம்மாள்."

செக்யூரிட்டியின் பேனா நின்றது. அவர் மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். தூக்கைப் பார்த்தார். மருமகளின் சுடிதாரைப் பார்த்தார். அவரும் அந்தக் கேன்டீனில் சாப்பிடுகிறவர்தான். அவர் போனிலும் அந்த ஆப் இருந்தது.

"சாம்பார் கெங்கம்மாவா?" என்றார், சிரிப்பை அடக்க முடியாமல்.

நந்தினிக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. கெங்கம்மாள் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. மருமகளின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா, நான்தான். உப்பு ஜாஸ்திதான். இது என் மருமவ. இவள சென்னைக்கு அனுப்பிட்டு நான் ஊட்ல தனியா கெடக்க மாட்டேன்னு உங்க மேனேஜராண்ட சொல்லணும். கூப்புடுப்பா அந்தாள."